"கண் நன்றாகத்தானே தெரிகிறது" என்கிற தம்பியை விழித்திரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போவது எப்படி?

கோத்தகிரியிலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். தம்பிக்கு 20 வயது. 9 வயதில் டைப் 1 நீரிழிவு வந்தது. அன்று தொடங்கிய இன்சுலின் இன்றுவரை தொடர்கிறது. இப்போது தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லி மருத்துவர் மூன்று முறை சீட்டு எழுதிக் கொடுத்தும் அவன் போகவில்லை. "பளிச்சென்று தெரிகிறதே, எதற்கு?" என்கிறான். கண்ணாடிக் கடையில் பார்த்தபோதும் குறை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். உண்மையிலேயே போகத்தான் வேண்டுமா, வேண்டுமென்றால் அவனை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்பது கேள்வி. அம்மாவுக்கும் 8 ஆண்டுகளாகச் சர்க்கரை இருக்கிறது என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறார்.

போகத்தான் வேண்டும், அதுவும் இந்த மாதமே. நோய் வந்து 11 ஆண்டுகள் ஆகிவிட்டன. முதல் பரிசோதனை அவன் பள்ளியில் படிக்கும்போதே நடந்திருக்க வேண்டும். யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நீலகிரியில் கண் மருத்துவ உதவியாளராக 18 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டேன். சர்க்கரை உள்ள பெரியவர்கள் முணுமுணுத்துக்கொண்டாவது வந்துவிடுகிறார்கள். 18 முதல் 30 வயது வரை உள்ளவர்களைத்தான் காணமுடிவதில்லை. அவர்கள் ஏன் வருவதில்லை என்பது எனக்கு விளங்கவே பல ஆண்டுகள் பிடித்தன. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கண்ணாடிக் கடை. அங்கே சோதித்தது பார்வையை. நாம் பார்க்க வேண்டியது விழித்திரையை. கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய திரையின் நட்டநடுவில் மாக்குலா என்று மிகச் சிறிய ஓர் இடம் இருக்கிறது. எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை வாசிக்க அந்தச் சிறிய இடம் நன்றாக இருந்தால் போதும். சுற்றியுள்ள பரப்பில் எவ்வளவு சேதம் இருந்தாலும் பலகை அதைக் காட்டாது. 6/6 என்று தடங்கலின்றி வாசித்து முடித்த இளைஞர்களின் கண்ணுக்குள், அடுத்த அரைமணி நேரத்தில், ரத்தக் கசிவுகளை நானே பார்த்திருக்கிறேன். விழித்திரைக்கு வலி தெரியாது. அது அரிக்காது, சிவக்காது, நீர் வடிக்காது.

உள்ளே நடப்பது இதுதான். ரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் அதிகமாக இருந்தால் விழித்திரையின் மயிரிழைக் குழாய்களின் சுவர் பலவீனமாகிறது. ஆங்காங்கே குண்டூசித் தலைபோல் புடைக்கிறது. புடைத்த இடத்தில் ரத்தமும் கொழுப்பும் கசிகின்றன. சில குழாய்கள் அடைத்தே போகின்றன. ஆக்ஸிஜன் கிடைக்காத விழித்திரை, புதிய குழாய்களை வளர்க்கச் சொல்லி ஒரு வேதிப்பொருளைச் சுரக்கிறது. அப்படி வளர்பவை உருப்படியான குழாய்களாக இருப்பதில்லை. தொட்டால் உடைகிற வகை. உடைந்தால் கண்ணுக்குள் ரத்தம் நிறையும். அவற்றோடு சேர்ந்து வளரும் தழும்பு இறுகும்போது விழித்திரையையே சுவரிலிருந்து பிய்த்து இழுக்கும். நம் மலைப்பாதையில் இதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஐப்பசி மழையில் தடுப்புச் சுவரின் கல்லிடுக்கில் ஈரம் கசிந்துகொண்டிருக்கும். மேலே தார்ச்சாலை நன்றாகத்தான் இருக்கும், பஸ்ஸும் ஓடும். மண் சரிகிற நாள் வரைக்கும் ஓடும்.

சில ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். 24 வயது. பச்சைத் தேயிலை மூட்டைகளைத் தோட்டத்திலிருந்து தொழிற்சாலைக்கு ஏற்றிப்போகும் பிக்கப் வண்டி ஓட்டுபவன். 10 வயதிலிருந்து இன்சுலின். ஒரு காலையில் வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டடை படிந்திருப்பதாக நினைத்துத் துணியால் துடைத்திருக்கிறான். போகவில்லை. இறங்கி வெளிப்பக்கமும் துடைத்திருக்கிறான். அப்போதும் போகவில்லை. இடது கண்ணை மூடிப் பார்த்தபோதுதான், ஒட்டடை இருப்பது கண்ணாடியில் இல்லை, வலது கண்ணுக்குள் என்று தெரிந்திருக்கிறது. என்னிடம் வந்தபோது அந்தத் துணி அவன் சட்டைப் பையில் இருந்தது. பேசும்போதெல்லாம் அதை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே இருந்தான். அதற்கு முன் ஒரு முறைகூட யாரும் அவன் விழித்திரையைப் பார்த்ததில்லை.

கோவைக்கு அனுப்பினோம். கண்ணுக்குள் தேங்கிய ரத்தத்தை எடுத்து, இழுபட்ட விழித்திரையை மறுபடி படியவைக்கும் அறுவை நடந்தது. விழித்திரை சுவரோடு ஒட்டும்வரை அழுத்திப் பிடித்திருக்கக் கண்ணுக்குள் ஒரு வாயுவை நிரப்புவார்கள். இந்த இடத்தில்தான் மலைவாசிகள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. வாயு கண்ணில் இருக்கும்வரை மலை ஏறக்கூடாது. கோவை கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டர் சொச்சம், உதகை 2,240 மீட்டர். மேலே வரும்போது காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. அதனால் அடைபட்ட வாயு விரியப் பார்க்கும். கண்ணுக்குள் விரிவதற்கு இடம் கிடையாது. கண்ணழுத்தம் ஏறி, ரத்த ஓட்டம் தடைபட்டு, காப்பாற்றிய கண்ணே பறிபோகலாம். விமானத்தில் போகக்கூடாது என்று எல்லா மருத்துவமனைகளிலும் சொல்லி அனுப்புவார்கள். வீடே மலைமேல் இருக்கிறது என்பதை நாம்தான் நினைவுபடுத்த வேண்டும். சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு என்ற வாயு கரைய ஏறத்தாழ 2 வாரங்கள் ஆகும். பெர்ஃபுளோரோபுரோப்பேன் என்றால் 6 முதல் 8 வாரங்கள். முன்கூட்டியே சொன்னால் சிலருக்கு வாயுவுக்குப் பதில் சிலிக்கோன் எண்ணெய் வைப்பதுண்டு. அதை வைத்துக்கொண்டு மலை ஏறலாம். ஆனால் பிறகு அதை வெளியே எடுக்க இன்னொரு அறுவை வேண்டியிருக்கும்.

அந்தப் பையனுக்கு நீண்ட நாள் நிற்கும் வாயுதான் வைத்திருந்தார்கள். காரமடையில் அத்தை வீட்டில் 7 வாரங்கள் இருந்தான். முதல் பத்து நாட்கள் முகத்தைக் கவிழ்த்தபடியே படுக்க வேண்டும், சாப்பிடும்போதும் தலையைக் குனிந்தே இருக்க வேண்டும். அவன் அம்மா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பஸ் பிடித்துக் கீழே இறங்கி, பார்த்துவிட்டு, மாலையில் மேலே ஏறினார். அவ்வளவும் பட்டு, அந்தக் கண்ணில் பார்வை பாதிதான் திரும்பியது. வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டான்.

இதைத் தம்பியிடம் கதையாகச் சொல்லிப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. பயமுறுத்தினால் என்ன ஆகும் என்று பின்னால் சொல்கிறேன். உங்களுக்காகத்தான் சொன்னேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு படம் எடுத்திருந்தால், அந்தப் புதுக் குழாய்கள் முளைக்கும்போதே தெரிந்திருக்கும். லேசர் சிகிச்சைக்குக் காலையில் இறங்கிப் போனால் மாலையில் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். அப்படிப்பட்ட கண்களில் கடுமையான பார்வை இழப்பை லேசர் பாதிக்கும் மேல் குறைக்கிறது என்பது 1970களிலேயே அமெரிக்காவில் பெரிய ஆய்வு ஒன்றில் உறுதியாகிவிட்டது. மாக்குலாவில் நீர் கோத்திருந்தால் கண்ணுக்குள் போடும் ஊசிகள் இருக்கின்றன. சிகிச்சைக்குக் குறைவில்லை. நேரத்துக்கு ஆள் வருவதுதான் குறை.

இன்னொன்றையும் தம்பியே படிக்கட்டும். டைப் 1 நீரிழிவு உள்ள, 13 முதல் 39 வயது வரையிலான 1,441 பேரை அமெரிக்காவிலும் கனடாவிலும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வின் முடிவு 1993இல் வந்தது. சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுக்குள் வைத்திருந்தவர்களில், கண்ணில் பாதிப்பே இல்லாமல் தொடங்கியவர்களுக்குப் புதிதாகப் பாதிப்பு வரும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்திருந்தது. ஆய்வு முடிந்து வெகுகாலம் கழித்தும், இரு தரப்பினரின் சர்க்கரை அளவும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்ட பிறகும், இளமையில் கட்டுப்பாடாக இருந்தவர்களின் கண்களுக்கு அதன் பலன் நீடித்தது. அவனுடைய இன்றைய உழைப்பு நாற்பது வயதில் அவன் கண்ணில் இருக்கும்.

இனி, ஏன் வருவதில்லை என்பது. இங்கிலாந்தில் 12 வயது நிரம்பிய நீரிழிவுக்காரர் ஒவ்வொருவருக்கும் அரசே அழைப்புக் கடிதம் அனுப்புகிறது. பரிசோதனைக்குக் காசு கிடையாது. அந்த ஏற்பாட்டுக்குப் பலனும் இருந்தது. அங்கே உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக்கு நீண்டகாலம் முதல் காரணமாக இருந்த நீரிழிவு அந்த இடத்திலிருந்து இறங்கிவிட்டது என்று 2014இல் வெளியிட்டார்கள். அப்படிப்பட்ட நாட்டிலும் மிகக் குறைவாக வருபவர்கள் 18 முதல் 34 வயதுக்குட்பட்டவர்கள்தான். கடிதம் கையில் இருக்கிறது, செலவில்லை, சாலை நன்றாக இருக்கிறது, ஆனாலும் வரவில்லை. அதனால் நம் பிள்ளைகளைச் சோம்பேறிகள், பொறுப்பில்லாதவர்கள் என்று சொல்வதை நான் நிறுத்திவிட்டேன்.

என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த தொடக்கத்தில் 19 வயதுப் பையன் ஒருவன் இரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு வந்தான். கையில் சர்க்கரை எழுதும் நோட்டு. புரட்டினேன். முதல் சில பக்கங்களில் வெவ்வேறு பேனா, ஓரத்தில் காபிக் கறை, அடித்தல் திருத்தல். பிறகு ஒரு மாதக் கணக்கு முழுவதும் ஒரே நீல மையில், ஒரே அழுத்தத்தில், கோடு பிசகாமல் இருந்தது. பஸ்ஸில் வரும்போது உட்கார்ந்து எழுதியிருக்கிறான். எண்கள் எல்லாம் 110, 120, 115. நான் அதை மற்றவர்கள் முன்னால் உரக்கச் சொல்லிவிட்டேன். "யாரை ஏமாற்றுகிறாய்? கண் போனால் எனக்கா நஷ்டம்?" என்று கேட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. சொட்டு மருந்து விடுவதற்குள் எழுந்து போனவன்தான், திரும்பி வரவே இல்லை. அந்த நோட்டைப் பொய் சொல்லும் தைரியம் என்று நான் படித்தேன். திட்டு வாங்கப் போகிறோம் என்ற பயத்தில் எழுதியது என்று இன்று தெரிகிறது.

இந்தப் பயம் பெரியது. சிறுவயதிலிருந்து சர்க்கரையோடு வாழும் பிள்ளை, ஒவ்வொரு மருத்துவமனை அறைக்குள்ளும் விடைத்தாள் வாங்கப் போவதுபோலத்தான் நுழைகிறது. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் HbA1c பரிசோதனையில் 10, 11 சதவீதம் என்று இருக்கும்போது கண்ணில் என்ன தெரியும் என்பதை அது ஊகித்து வைத்திருக்கிறது. பார்க்காதவரை இல்லை என்று வைத்துக்கொள்ளலாம் அல்லவா? "பளிச்சென்று தெரிகிறதே" என்று உங்கள் தம்பி சொல்வதில் பாதி நம்பிக்கை, பாதி வேண்டுதல் என்பது என் எண்ணம். இப்படி இருப்பவனிடம் "குருடாகிவிடுவாய்" என்று சொன்னால் அவன் இன்னும் விலகித்தான் போவான்.

அடுத்தது சொட்டு மருந்து. பெரியவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. உங்கள் தம்பியின் வயதில் பெரிய தடை. கண்ணின் பாப்பாவை விரிக்க விடும் சொட்டு முதலில் சற்று எரியும். 20 முதல் 30 நிமிடங்களில் விரியும். நம்மைப் போன்ற கரும்பழுப்புக் கண்களுக்கு இரண்டு மூன்று முறை விடவேண்டியும் வரும். விரிந்த பிறகு 4 முதல் 6 மணி நேரம் போனில் ஓர் எழுத்துப் படிக்கமுடியாது, வெயில் கூசும். மலை வெயில் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும்; உடம்புக்குக் குளிராக இருக்கும், கண்ணைக் குத்தும். அந்த நிலையில் கொண்டை ஊசி வளைவுகளில் பைக் ஓட்டக்கூடாது. பைக்கில்லாமல் வெளியே கிளம்பாத 20 வயதுப் பையனுக்கு அன்று ஒரு நாள் அடுத்தவர் கையைப் பிடித்து நடக்க வேண்டும். நண்பன் கேட்டால் என்ன காரணம் சொல்வது? வேலை செய்யும் இடத்தில் எத்தனை பேருக்கு அவனுக்குச் சர்க்கரை இருப்பது தெரியும்? இதையெல்லாம் நாங்கள் யாரும் அவர்களிடம் கேட்டதே இல்லை. "காலை 9 மணிக்கு வா" என்று மட்டும் எழுதிக் கொடுத்தோம்.

பெண்பிள்ளைகளின் கதை இதைவிடக் கனமானது. 22 வயதுப் பெண்ணை அவள் அம்மா அழைத்துவந்து, சீட்டில் நீரிழிவு என்று எழுதாமல் 'கண்ணாடிப் பவர்' என்று மட்டும் எழுதும்படி கெஞ்சியிருக்கிறார். காத்திருக்கும் வரிசையில் சொந்தக்காரர் யாராவது இருந்தால், மாப்பிள்ளை வீட்டுக்குச் செய்தி போய்விடும் என்ற கவலை. மலையில் ஊர்கள் சின்னவை, யாரும் யாருக்கும் அந்நியர் இல்லை. அந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். அப்படிப்பட்டவர்கள் கோவைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும், போனால் சரி. ஆனால் ஒன்றைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். ஏற்கெனவே நீரிழிவு உள்ள பெண் கருவுற்றால் விழித்திரைப் பாதிப்பு வேகமெடுக்கலாம். கருத்தரிக்கத் திட்டமிடும்போதோ முதல் மூன்று மாதங்களுக்குள்ளோ கண்ணைப் பார்த்துவிட வேண்டும். கர்ப்ப காலத்தில் மட்டும் புதிதாக வரும் சர்க்கரைக்கு இந்த அவசரம் இல்லை.

உங்கள் தம்பிக்கு வருவோம். அவனிடம் கண்ணைப் பற்றிப் பேசத் தொடங்காதீர்கள். "அந்த மூன்று முறையும் போகமுடியாமல் போனது எதனால்?" என்று கேளுங்கள், கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். கொளுந்து வரத்து அதிகமாக இருந்த வாரம், மேலாளரிடம் விடுப்பு கேட்கத் தயக்கம் என்று அவன் சொல்லக்கூடும். அது சாக்கில்லை, அவனுடைய உண்மையான நிலைமை. வரத்து மிகுந்த வாரத்தில் தொழிற்சாலையில் ஒரு நாள் விடுப்பு என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும். இந்த முறை நாள் தள்ளவேண்டாம், கிடைத்த வார விடுமுறையில் போகட்டும், இல்லையென்றால் ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை. அடுத்த ஆண்டிலிருந்து ஜனவரி, பிப்ரவரியில் வைத்துக்கொள்ளுங்கள். உறைபனிக்காலத்தில் கொளுந்து வரத்து குறைவு, விடுப்பும் எளிதாகக் கிடைக்கும். பனிக்காலம் வந்தால் கண் பரிசோதனை என்று மனதில் பதிந்துவிடும்.

எங்கே போவது என்பதில் கவனம் வேண்டும். போகும் முன் ஒரு தொலைபேசி அழைப்பில் இதைக் கேட்டுவிடுங்கள்: "சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்ப்பீர்களா, அல்லது விழித்திரைப் படம் எடுக்கும் கேமரா இருக்கிறதா?" இரண்டில் ஒன்று இருந்தால் போதும். உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கீழே இறங்கினால் கோவையில் அரவிந்த், சங்கரா போன்ற பெரிய கண் மருத்துவமனைகள் இருக்கின்றன. ஊரில் நடக்கும் கண் முகாம்கள் பல கண்புரைக்கும் கண்ணாடிக்குமானவை. அங்கே போய்வந்ததை இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. சில கேமராக்கள் சொட்டு விடாமலே படம் எடுக்கும். இளம் வயதில் பாப்பா நன்றாக விரியும் என்பதால் இருட்டறையில் பலருக்குப் படம் தெளிவாகவே வந்துவிடும். சொட்டுக்குப் பயந்து தள்ளிப்போடுபவர்கள் முதல் முறை அப்படி ஓர் இடம் தேடிப் போகலாம். படம் தெளிவில்லை என்று சொட்டு விடச் சொன்னால் மறுக்காமல் இருந்தால் சரி.

போன உடனே, மருத்துவர் கேட்பதற்கு முன்பே, தம்பிக்கு எத்தனை ஆண்டுகளாக டைப் 1 என்பதை நீங்கள் சொல்லிவிடுங்கள். நோட்டைக் காட்டச் சொல்லி அன்று அவனை வற்புறுத்தாதீர்கள். மூன்று மாதச் சராசரி ஒன்று போதும். வீட்டிலும் அன்று சர்க்கரையைப் பற்றிய பேச்சு வேண்டாம். அந்த நாள் கண்ணுக்கு மட்டும். குல்லாய், கறுப்புக் கண்ணாடி, சாப்பாடு, இன்சுலின், சர்க்கரை இறங்கினால் கொடுக்க ஏதாவது இனிப்பு ஆகியவை பையில் இருக்கட்டும். காத்திருப்பு நீண்டு, சாப்பாட்டு நேரம் தப்பி, வரிசையிலேயே சர்க்கரை இறங்கி வியர்த்துப்போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு முறை ஆனால் அடுத்த ஆண்டு அவர்கள் வரமாட்டார்கள்.

சராசரி நன்றாக வந்திருக்கிறது, ஆகவே கண்ணைப் பார்க்கவேண்டாம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். கடந்த மூன்று மாதத்தைத்தான் அது சொல்கிறது. கண் 11 ஆண்டுகளையும் கணக்கில் வைத்திருக்கிறது. கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பழங்குடி மக்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தியாவில் சிக்கிள் செல் ரத்தக் குறைபாட்டை (சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளையும் பரம்பரை நோய்) முதன்முதலில் பதிவு செய்ததே நீலகிரிப் பழங்குடிகளிடம்தான், 1952இல். அந்த நோய் உள்ளவர்களுக்குச் சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிவதால் மூன்று மாதச் சராசரி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அந்த நோய் தனியாகவே விழித்திரையைக் கெடுக்கவும் செய்யும். அங்கே எண்ணை நம்பி இருந்துவிடவே கூடாது.

தம்பி திடீரென்று மனம் மாறி, இரண்டே மாதத்தில் அந்தச் சராசரியை 11இலிருந்து 7க்குக் கொண்டுவரப் புறப்பட்டால், அதற்கு முன்பே கண்ணைப் பார்த்துவிடுங்கள். நீண்டகாலம் உயர்ந்திருந்த சர்க்கரை சட்டென்று இறங்கும்போது, ஏற்கெனவே உள்ள பாதிப்பு சில மாதங்களுக்குச் சற்று மோசமாகலாம். நான் மேலே சொன்ன 1993 ஆய்விலேயே இதைக் கண்டார்கள். நீண்டகாலத்தில் கட்டுப்பாடுதான் வெல்கிறது, அதனால் கட்டுப்பாட்டை விடச் சொல்லவில்லை. கண்ணைப் பார்த்துவிட்டு, மருத்துவர் சொல்லும் வேகத்தில் இறக்க வேண்டும். அதே நாட்களில் பார்வை மங்கித் தெரிந்தால் ஓடிப்போய்ப் புதுக் கண்ணாடி வாங்கவும் வேண்டாம். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண் லென்ஸில் நீர்ச்சத்து மாறிப் பவரும் மாறும். சில வாரங்கள் நிலைப்பட்ட பிறகு பார்த்தால் போதும். ஆனால் திடீரென்று ஒட்டடை, கரும்புள்ளி மழை, திரை இறங்கியதுபோல் இருள் என்றால் அது வேறு. அன்றே கிளம்ப வேண்டும்.

இந்தப் பதிலைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. டைப் 1 உள்ள பிள்ளைக்கு, 11 வயதாகிவிட்டாலோ பருவம் தொடங்கிவிட்டாலோ, நோய் வந்து 3 முதல் 5 ஆண்டுகளுக்குள் முதல் பரிசோதனை. இளம் வயதில் வரும் டைப் 2க்குக் காத்திருக்கவே கூடாது, நோய் தெரிந்த உடனே. நம்மிடையே இப்போது 20 வயதுக்கு முன்பே டைப் 2 வருகிறது. அது பெரியவர்களின் சர்க்கரையைவிட மிதமானது என்று பலர் நினைக்கிறார்கள். சிறுவயதில் டைப் 2 வந்தவர்களைத் தொடர்ந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், சராசரி வயது 26ஐ நெருங்கும்போதே பாதிப் பேருக்கு விழித்திரையில் ஏதோ ஒரு பாதிப்பு இருந்தது. முடிவு 2021இல் வெளியானது.

பரிசோதனை முடிந்ததும் "நன்றாக இருக்கிறது" என்ற வாய்வார்த்தையோடு திரும்பிவிடாதீர்கள். வலது கண், இடது கண் தனித்தனியாக என்ன நிலை, மாக்குலாவில் நீர் இருக்கிறதா, அடுத்து எப்போது வரவேண்டும் என்று எழுதி வாங்குங்கள். படம் எடுத்திருந்தால் தம்பியின் போனிலேயே ஒரு பிரதி இருக்கட்டும். அடுத்த ஆண்டுப் படத்தை இதனோடு ஒப்பிட்டால்தான் எது புதிது என்று தெரியும். தொடக்கநிலைப் பாதிப்பு என்று வந்தால் இடிந்துபோக வேண்டாம். அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் சிகிச்சைகூடத் தேவைப்படாது. சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கவனித்துக்கொண்டு, சொன்ன தேதியில் மறுபடி போனால் போதும்.

அம்மாவை விட்டுவிட்டுப் போகாதீர்கள். 8 ஆண்டுச் சர்க்கரை, ஒருமுறையும் பார்த்திராவிட்டால் அவர் தம்பியைவிடத் தாமதமானவர். டைப் 2 என்றால் முதல் நாளே பார்த்திருக்க வேண்டியது. இருவரையும் ஒரே நாளில் கூட்டிப் போவது நல்லது. "உனக்காகப் போகிறோம்" என்பது போய், "அம்மாவுக்குத் துணையாகப் போகிறோம், நீயும் பார்த்துக்கொள்" என்று ஆகிவிடும். பையன்கள் அதற்குச் சட்டென்று கிளம்பிவிடுவார்கள். பைக் வேண்டாம், பஸ்ஸில் போங்கள். திரும்பும்போது இருவர் கண்ணும் கலங்கித்தான் இருக்கும், பஸ்ஸின் ஊர்ப்பெயர்ப் பலகை அவர்களுக்குத் தெரியாது. நீங்கள் பார்த்துச் சொல்லி, முதலில் அம்மாவை ஏற்றிவிடுங்கள். படிக்கட்டில் தம்பியின் முழங்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், கையை உதறினாலும்.